சொல்லாத பெயரின் நூறாவது நாள்

ஹாஸ்கெல் க்ரீக் தீயணைப்பு நிலையத்தில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றவனின் பெயரைச் சொல்லவே மாட்டோம் என்று டிரம்லைன் செய்திச் சேனல் சத்தியம் செய்தது. அந்தச் சத்தியத்தைச் செய்து முடிக்க அதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் தேவைப்பட்டது. முதலில் தலைமைச் செய்தியாளர் கிரேடன் வைல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ முன்னாள் ஜனாதிபதி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நாட்டுக்கே தெரியும். "கொலைகாரன் தேடியது புகழ். இந்தச் சேனல் அதை அவனுக்குத் தராது," என்றார். விளம்பர இடைவேளை வந்தது. பிறகு ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான்கு அறிஞர்கள் விவாதித்தார்கள். கிரேடன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

ஆர்வில் டாக்கெட் இதை வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். மிசௌரி மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். செத்த ஏழு பேரில் ஒருத்தி அவர் மனைவி லூவெல்லா. தீயணைப்பு வண்டிக்குப் புதுக் குழாய் வாங்க நிதி திரட்டுகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கூடிப் பான்கேக் சுட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. லூவெல்லா காபி ஊற்றும் மேசையில் நின்றாள். வீரமாக எதையும் செய்யவில்லை. பால் போதுமா, இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேனலின் சத்தியம் ஆர்விலுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பையனின் பெயர் இனி ஆயுளுக்கும் தன் காதில் விழாவிட்டால் போதும் என்று நினைத்தார். மற்ற சேனல்கள் அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. டிரம்லைனில் ஒருத்தராவது மனிதராக இருக்கிறாரே என்று மனதார வாழ்த்தினார். அந்த வாழ்த்து ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பெயரைத்தானே சொல்ல மாட்டோம் என்றார்கள். மற்றதையெல்லாம் சொன்னார்கள். அவன் வளர்ந்த வீடு, அந்த வீட்டின் பின்கதவு, படித்த பள்ளி, படிக்காத பாடங்கள், காலையில் சாப்பிட்ட தானியத்தின் வகை எல்லாம் வந்தன. புகைப்படம் வந்தது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்தபடி ஒன்று. பெயர் இல்லாத மனிதனைப் பற்றி இத்தனை பேசினால் வாக்கியம் இடிக்கிறது என்று எழுத்தாளர்கள் முறையிட்டதால் அவனுக்கு 'பெயரற்றவன்' என்று ஒரு பட்டம் சூட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளி எழுத்தில் அது புகையிலிருந்து எழுந்து வரும். கூடவே முரசு அதிரும். ஜனங்கள் பேய்வேஷம் போடும் ஹாலோவீன் வருவதற்குள் அது பனியனில் வந்துவிடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஹாலோவீன் வரை யாரும் காத்திருக்கவில்லை.

மௌனம் அதற்கப்புறம் வந்தது. செய்தியில் கொலைகாரனின் பெயர் வரவேண்டிய இடத்தில் கிரேடன் வைல் நிறுத்துவார். கண்ணை மூடித் தலையைச் சற்றுத் தாழ்த்துவார். மூன்று விநாடி. பின்னால் ஒற்றை வயலின் அழும். பிறகு நிமிர்ந்து "என்பவன்" என்று வாக்கியத்தைத் தொடர்வார். நம் ஊரில் ஒரு காலத்தில் பெண்கள் தாலி கட்டினவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த மரியாதையை ஒரு கொலைகாரனுக்குச் செலுத்த மூன்றே வாரத்தில் அமெரிக்காவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார் கிரேடன். பள்ளிக்கூடங்களில் தலை குனிந்தார்கள். ஒரு பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே குனிந்தார். எதிரிச் சேனல் ஒன்று சும்மா இருக்க முடியாமல், தாங்கள் அந்தப் பெயரை ஐந்து விநாடி சொல்வதில்லை என்று அறிவித்தது.

செத்தவர்களின் பெயர்களையும் டிரம்லைன் மறக்கவில்லை. திரையின் அடியில் ஓடும் வரியில் அவை வந்தன. ஆர்வில் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். முதல் பெயர் ஓடியது, இரண்டாவது ஓடியது, மூன்றாவது பாதி ஓடியது. அதற்குள் பக்கத்து மாவட்டத்துக்குச் சூறாவளி எச்சரிக்கை என்று மஞ்சள் பட்டை வந்து அந்த வரியை மூடிக்கொண்டது. பட்டை விலகியபோது ஏழு பேரும் ஓடி முடித்திருந்தார்கள். சூறாவளியும் வரவில்லை.

அன்றைக்குத்தான் ஆர்விலுக்கு அந்த ஆசை பிடித்தது. இருபது வருஷமாக லூவெல்லா கிரேடன் வைலின் செய்தியைத் தவறவிட்டதில்லை. அவர் "மாலை வணக்கம்" என்றால் இவள் சமையலறையிலிருந்தே "வணக்கம் கிரேடன், ஏன் இளைச்சிட்டே?" என்பாள். அவர் கழுத்துப்பட்டை சரியில்லாவிட்டால் திட்டுவாள். அவருடைய மனைவி விவாகரத்து வாங்கியபோது இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஆள் ஒரே ஒரு தடவை, அந்தக் குரலில், லூவெல்லா டாக்கெட் என்று சொல்லிவிட்டால் போதும். வேறு எதுவும் வேண்டாம். ஆர்வில் சேனலுக்குத் தொலைபேசியில் பேசினார்.

தயாரிப்பாளர் டெல்ஃபின் ரூர்க் என்ற பெண் எடுத்தாள். அவள் குரலில் எப்போதும் ஒரு ஈரம் இருந்தது.

"ஆர்வில், நீங்க கூப்பிட்டது தெய்வச் செயல்தான் போங்க. நாங்களே உங்களைத் தேடிக்கிட்டு இருந்தோம். அடுத்த வாரம் எங்களுக்கு நூறாவது நாள்."

"எது நூறாவது நாள்?"

"பேரு சொல்லாத நூறாவது நாள். சிறப்பு நிகழ்ச்சி. நேரலை. கிரேடன் உங்ககிட்ட நேருக்கு நேரா பேசுவாரு."

"அவரு என் பொண்டாட்டி பேரைச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"உங்க வலி எனக்குப் புரியுது," என்றாள் டெல்ஃபின். அதை ஆர்வில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், தொலைக்காட்சிக்காரர்களோடு அவருக்குப் பழக்கமில்லை.

நியூயார்க்கில் சேனலின் கட்டடம் முழுக்கத் தோரணம் கட்டியிருந்தது. வரவேற்பறையில் ஒரு பெண் அவர் சட்டையில் பெயரட்டை ஒன்றைக் குத்திவிட்டாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எழுத மறந்துட்டீங்களேம்மா."

"இல்லைங்க, இன்னைக்கு எல்லாருக்கும் இதேதான். கொள்கை."

சுற்றிப் பார்த்தார். வெள்ளை அட்டை குத்திய முன்னூறு பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டு இறால் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் பனிக்கட்டியில் செதுக்கிய பெரிய 100.

மேடையில் கண்ணியத் துறைத் துணைத் தலைவர் காஸ்வெல் பேசினார். டிரம்லைனில் கண்ணியத்துக்கு ஒரு துறையும், அந்தத் துறைக்கு இரண்டு மாடியும் உண்டு.

"நண்பர்களே, மத்த சேனல்காரங்க பேரைச் சொன்னாங்க. ஜனங்க கேட்டாங்க, ரெண்டு நாள்ல மறந்துட்டாங்க. நாம சொல்லலை. என்ன ஆச்சு? இவங்க எதைச் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு ஒவ்வொரு வீட்லயும் தேட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு இந்த நாட்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்தப் பேரு மனப்பாடம். நம்மால அவங்களுக்குத் தெரிஞ்சதுன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது. நம்ம கை சுத்தம்." பலத்த கைதட்டல். அவர் கையை உயர்த்தி அமர்த்தினார். "இந்த மூணு விநாடி மௌனத்தை நமக்கு வழங்கற மெத்தைக் கம்பெனிக்கும் நன்றி சொல்லணும். இந்த டிவியிலேயே விலை அதிகமான மூணு விநாடி அது. பேசாம இருக்கறதுக்கு இவ்வளவு மதிப்பு இருக்குன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்னைப் படிக்கவே வெச்சிருக்க மாட்டாரு."

கூட்டம் சிரித்தது. ஆர்வில் இறால் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு டெல்ஃபினைத் தேடிப் போனார்.

"கிரேடன் எந்த இடத்துல சொல்லுவாரு? முதல்லயா, கடைசியிலயா?"

"எதை?"

"லூவெல்லா பேரை."

டெல்ஃபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்வில், இது பேரு சொல்லாத நிகழ்ச்சியாச்சே."

"சொல்லாம விடறது அவன் பேரைத்தானேம்மா?"

மேடையிலிருந்து இறங்கிவந்த காஸ்வெல்லை அவள் கைகாட்டி அழைத்தாள். அவர் விஷயத்தைக் கேட்டு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு ஆரம்பித்தார்.

"முதல்ல அவன் பேரை மட்டும்தான் நிறுத்தினோம். எங்க வக்கீலுங்க ஒண்ணு கேட்டாங்க. நல்ல பேரு எது, கெட்ட பேரு எதுன்னு ஒரு செய்தி நிறுவனம் எப்படித் தீர்ப்பு சொல்லலாம்? அது பாரபட்சம் ஆயிடாதா? அதனால இந்தச் சம்பவத்துல சம்பந்தப்பட்ட எல்லாப் பேரையும் நிறுத்திட்டோம். அந்த ஓடற வரியையும் எடுத்தாச்சு. எல்லாரும் சமம்."

"அவன் சுட்டவன் சார். இவ செத்தவ."

"ரெண்டு பேருமே சம்பந்தப்பட்டவங்கதானே."

ஆர்வில் டெல்ஃபின் பக்கம் திரும்பினார். "அப்ப அவளை என்னன்னு சொல்லுவீங்க?"

"நாலாம் நபர்," என்றாள் டெல்ஃபின். "எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பரு ஆர்வில். அதுல ஒரு அமைதி இருக்கு."

"அவனுக்கு மட்டும் வெள்ளியில ஒரு பேரு வெச்சிருக்கீங்களே."

"அது பேரு இல்லைங்க," என்றார் காஸ்வெல், சற்றுப் புண்பட்டவராக. "அது எங்க டிரேட்மார்க்."

ஆர்வில் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் எஞ்சின் ஓட மறுத்தால் அதைக் கழற்றி வேறு வழியில் ஓட்டிப் பார்க்கிறவர். நேரலை என்றார்களே, கிரேடன் சொல்லாவிட்டால் என்ன, கிரேடனுக்கு முன்னால் உட்கார்ந்து நாமே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். முகத்துக்குப் பவுடர் பூசும்போது அந்தப் பெயரை வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாகத் தினம் கூப்பிட்ட பெயர் அன்றைக்கு நாக்கில் தடுக்கியது.

நேரில் கிரேடன் வைல் தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். கண்ணாடி மேசைமேல் தயாராக இருந்தது. விளக்குகள் எரிந்தன.

"ஆர்வில்," என்றார் அவர். ஆர்விலின் பெயருக்கு மட்டும் சிறப்பு அனுமதி வாங்கியிருந்தார்கள். "நாங்க நூறு நாளா அந்தப் பேரைச் சொல்லலை. ஒரு கணவனா உங்களுக்கு அது எப்படி இருக்கு?"

"நல்லதுங்க. அதைச் சொல்லாதீங்க. ஆனா என் வீட்டுக்காரி இருபது வருஷமா உங்களைப் பாத்தவங்க. நீங்க வணக்கம் சொன்னா பதில் வணக்கம் சொல்லுவா. உங்க டையைப் பத்தி அவளுக்கு நிறைய அபிப்பிராயம் உண்டு." கிரேடனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "அவளை நீங்க நாலாம் நபர்னு சொல்லக் கூடாது. அவ பேரு லூவெல்லா. லூவெல்லா டாக்கெட்."

அரங்கில் யாரோ மூச்சை இழுத்தார்கள். கிரேடனின் முகம் கறுத்தது. அவர் தலையைத் தாழ்த்தினார். மூன்று விநாடி. வயலின் அழுதது. நிமிர்ந்து காமிராவைப் பார்த்தார்.

"துக்கம் ஒரு மனுஷனை எதையும் சொல்ல வெச்சிடும். நாம இவரை மன்னிப்போம்," என்றார்.

ஆர்விலுக்கு மன்னிப்பு எதற்கென்று புரியவில்லை. அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சொல்லியாகிவிட்டது. நாடு முழுவதும் கேட்டிருக்கும். விடுதிக்குப் போய் நூறு நாளில் முதல் தடவையாக அசந்து தூங்கினார்.

மறுநாள் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள்.

"நேத்து டிவியில வந்தது நீங்கதானே?"

"ஆமாம்மா," என்றார் ஆர்வில், கொஞ்சம் வெட்கத்தோடு.

"எப்படிங்க உங்களுக்கு வாய் வந்துச்சு? இந்த நாடே பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பேரைச் சொல்லாம இருக்கு. செத்தவங்க வீட்டு ஆளு, நீங்களே போய் ரெண்டு தடவை சொல்றீங்க."

"நான் என் பொண்டாட்டி பேரைத்தாம்மா சொன்னேன்."

"பொண்டாட்டி பேரை எவனாவது பீப் போட்டு அடைப்பானா? எனக்கென்ன காது இல்லையா?" அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நேரலை என்று சொல்வதெல்லாம் ஏழு விநாடி ஆறிப்போனது. அந்த ஏழு விநாடிக்காக ஒருவன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாராவது கெட்ட வார்த்தை சொன்னால் அமுக்குவான். நூறாவது நாளுக்கென்று அவனுக்கு ஒரே ஓர் உத்தரவு கொடுத்திருந்தார்கள்: பெயர் என்று எது வந்தாலும் அமுக்கு. அவன் நல்ல வேலைக்காரன். 'அவளை', 'அவ பேரு' என்று அதற்கு முன்னால் வந்ததையும் சேர்த்தே அடைத்துவிட்டான். உதட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று ஆர்விலின் வாயையும் மங்கலாக்கிவிட்டான்.

ஊருக்கு அழைத்துப்போக ஹோபார்ட் நெஸ்பிட் லாரியோடு வந்திருந்தார். தீயணைப்பு நிலையத்தின் தலைவர், ஆர்விலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். பாதி வழி வரை மழையைப் பற்றிப் பேசினார். சோளத்தைப் பற்றிப் பேசினார்.

"டேய் ஆர்வில், ஊருல யாரும் உன்னைத் தப்பா நினைக்கலைடா."

"எதுக்குத் தப்பா நினைக்கணும்?"

ஹோபார்ட் சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "நீ சொன்னது... அவ பேருதானேடா?"

ஆர்வில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறுபது வருஷச் சிநேகிதன் கேட்கிற கேள்வி. "வண்டியை ஓட்டுடா," என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் துண்டு ஓடாத சேனல் இல்லை. ஆர்விலின் மங்கலான வாய், பீப், பீப், கிரேடனின் குனிந்த தலை. டிரம்லைன் அதைப் பற்றி விவாதம் நடத்தியது. கணவன் ஏன் சொன்னான்? கொலைகாரன்மீது செத்தவர்களின் குடும்பத்துக்கு ஒருவகை ஈர்ப்பு உண்டாகிறது என்றார் ஒரு மனநல நிபுணர். புகழுக்கு ஆசைப்பட்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். அவர் அன்று மட்டும் மூன்று சேனல்களில் அதையே சொன்னார். ஆர்விலின் வீட்டு வாசலில் யாரோ பூங்கொத்து ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். 'உங்களை மன்னித்துவிட்டோம்' என்று அதில் எழுதியிருந்தது.

ஆர்வில் டெல்ஃபினைக் கூப்பிட்டார்.

"நான் யாரு பேரைச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் ஆர்வில். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அப்ப அதை டிவியில சொல்லுங்க."

"திருத்தம் போடணும்னு நானே கண்ணியத் துறையோட சண்டை போட்டு வாங்கி வெச்சிருக்கேன். இன்னைக்கு சாயங்காலம் வரும், பாருங்க."

சாயங்காலம் வந்தது. கிரேடன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு திருத்தம். நூறாவது நாள் நிகழ்ச்சியில் எங்கள் விருந்தினர் சொன்ன பெயர், நாங்கள் சொல்லாத பெயர் அல்ல. அது நாங்கள் சொல்லாத இன்னொரு பெயர். தவறுக்கு வருந்துகிறோம்." மூன்று விநாடி தலையைத் தாழ்த்தினார். மெத்தை விளம்பரம் வந்தது.

விளம்பரம் முடிவதற்குள் ஆர்வில் மறுபடி கூப்பிட்டார். "அது யாரு பேருன்னு சொல்லணும்ல?"

"சொன்னா அது பேரு ஆயிடுமே ஆர்வில்," என்றாள் டெல்ஃபின். "மனசை விட்டுடாதீங்க. உங்க ஊரு மீண்டு வர்றதைப் படம் எடுக்க நாங்களே நேர்ல வர்றோம். கிரேடன்தான் பின்னணிக் குரல். இந்தத் தடவை சரியாப் பண்ணிடலாம்."

ஆறாத காயத்தோடு ஒரு ஊர் மீண்டு வருவதற்குச் சேனல் நாள் குறித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் மறுபடி பான்கேக் போடுவதாக ஹோபார்ட் ஏற்கெனவே அறிவித்திருந்தார். குழாய் இன்னும் வாங்கவில்லை. சேனல் வண்டி விடிந்ததும் வந்து நின்றது. வெளிச்சம் சரியாக விழவில்லை என்று, பான்கேக்மேல் ஊற்றும் சிரப் பாட்டில்களை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். நெற்றியில் மாவு ஒட்டிய ஒரு கிழவரை, ரொம்ப இயல்பாக இருக்கிறது, துடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஏழு தடவை மணி அடிக்க வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் மூன்று விநாடி மௌனம், பெயர் எதுவும் வேண்டாம் என்று டெல்ஃபின் ஹோபார்ட்டிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தாள். ஹோபார்ட் ஒலிவாங்கியைக் கண்டாலே வியர்க்கிற மனிதர். தலையாட்டிவிட்டார்.

ஆர்வில் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். காபி மேசையில் யாரும் நிற்கவில்லை. அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள்.

முதல் மணி அடித்தது. எல்லாரும் குனிந்தார்கள். இரண்டாவது மணி. மூன்றாவது மணி. யாருக்காக எந்த மணி என்று தெரியாமல் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். செத்த ஏழு பேரில் ஒருவரான வெண்டல் ஸ்டப்ஸின் தங்கை மூன்றாவதற்கு அழுதாள்; அதற்குள் அது வெண்டலுக்குத்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான்காவது மணி அடித்தது.

"லூவெல்லா டாக்கெட்," என்றார் ஆர்வில்.

அவர் கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோலத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கூடத்தில் கேட்காதவர் யாரும் இல்லை. ஒருவரும் குனியவில்லை. பான்கேக் கருகும் வாடை வந்தது. ஹோபார்ட் மணியின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குக் கண்ணீர் தாரையாகக் கொட்டியது. ஐந்தாவது மணியை அடிக்க அவருக்கு ஞாபகமே வரவில்லை.

டெல்ஃபின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே ஆர்விலிடம் ஓடிவந்தாள். உண்மையாகவே அழுதிருந்தாள். அதில் சந்தேகம் இல்லை.

"ஆர்வில், இதைத்தான் நாங்க நூறு நாளா தேடிக்கிட்டிருந்தோம். அவ்வளவு சத்தியமா இருந்துச்சு. அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க, அதே குரல்ல." அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பேரை மட்டும் விட்டுடுங்க."

ஆர்வில் அவளைப் பார்த்தார். கோபம்கூட வரவில்லை. இத்தனை படித்த பெண்ணுக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று பரிதாபமாகத்தான் இருந்தது. காமிராவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"லூவெல்லா டாக்கெட்."

"வெண்டல் ஸ்டப்ஸ்," என்றாள் வெண்டலின் தங்கை, இன்னொரு மூலையிலிருந்து.

"டேய், எர்லீன் பேரைச் சொல்லுங்கடா யாராவது," என்று வாணலியின் பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். சொன்னார்கள். ஏழு பெயரும் வந்தன. வந்தவை நிற்கவில்லை. காமிரா சிரப் பாட்டில் பக்கம் போனால், இந்தச் சிரப் தனக்குப் பிடிக்கவே பிடிக்காதும்பா லூவெல்லா என்றார்கள். பான்கேக் பக்கம் போனால், வெண்டல் சுட்டால் இப்படிக் கருகாது என்றார்கள். ஹோபார்ட் ஒலிவாங்கியில் குழாயின் விலையைச் சொல்ல ஆரம்பித்து, எர்லீன்தான் இதற்குப் பேரம் பேசியிருந்தாள் என்று முடித்தார். மாவு நெற்றிக் கிழவரைத் தனியாகப் பிடித்து, ஒன்றும் பேசாமல் சும்மா ஜன்னலைப் பாருங்கள் என்றார்கள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஏழு பெயரையும் வரிசையாகச் சொன்னார். ஒன்று விட்டுப்போனதென்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பான்கேக் தீர்ந்து, மேசைகளை மடக்கத் தொடங்கியபோது காமிராக்காரன் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்தான். டெல்ஃபின் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் தேறலை மேடம்," என்றான். "எங்க வெட்டினாலும் ஒரு பேரு நிக்குது."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிரேடனுக்கு ஆறரை மணிக்கு எதையாவது அனுப்பியாக வேண்டும்.

"சரி விடு, இவங்ககிட்ட கெஞ்சிக்கிட்டிருக்க முடியாது," என்றாள். "போற வழியில பெயரற்றவன் நீச்சல் கத்துக்கிட்ட குளம் இருக்காம். அதை எடுத்துக்கலாம்."